பிளஸ் டூ வேதியியல்: கைடா, பாடப்புத்தகமா?

வடசென்னையில் வியாசர்பாடி, தண்டையார்பேட்டை பக்கம் டியூஷன் போகும் பிள்ளைகளின் பையில் கைடு கசங்கிக் கிடக்கும். அரசுப் பாடப்புத்தகம் மடிப்புக் கலையாமல் வீட்டில் இருக்கும். என் ஓட்டு பாடப்புத்தகத்துக்குத்தான்.

விலையைப் பற்றிப் பேச ஒன்றுமில்லை. மூர் மார்க்கெட்டில் பழைய கைடு வாங்குவோர் மட்டும் கவனிக்கவும்: 2019-20-இல் பாடத்திட்டமே மாறிவிட்டது, அதற்கு முந்தையது உதவாது.

முடிவைத் தீர்மானிப்பது கட்டாயக் கேள்விகள். எழுத்துத் தேர்வு 70 மதிப்பெண். 2 மதிப்பெண், 3 மதிப்பெண் பகுதிகள் ஒவ்வொன்றிலும் ஒன்பதில் ஆறு எழுதினால் போதும். ஆனால் 24, 33-ஆம் கேள்விகளை விட முடியாது. பெரும்பாலும் கணக்கோ, பாடத்துக்குள்ளிருந்து திருப்பிக் கேட்டதோதான் அங்கே வரும். பாடத்தின் கடைசியில் வரும் புக் பேக் கேள்விகளின் விடைகளை மட்டும் உருப்போட்டவர் சிக்குவது இங்கேதான்.

முதல் வகை வினை (வேகம் செறிவுக்கு நேர்விகிதத்தில் இருப்பது) 99.9 சதவீதம் முடிய, அரைவாழ் காலத்தைப் போல், அதாவது பாதி முடிய ஆகும் நேரத்தைப் போல், பத்து மடங்கு ஆகும் என்று நிறுவும் கணக்கை எடுத்துக்கொள்ளுங்கள். தொடக்கச் செறிவு 100 என்றால் மீதமுள்ள செறிவு 0.1. அதை விட்டு 99.9-ஐப் போட்டால் கணக்கு அங்கேயே போச்சு. 100-ஐ 0.1-ஆல் வகுத்தால் 1000, மடக்கை 3, 2.303 × 3 = 6.909; இதை வேக மாறிலியால் வகுத்தால் நேரம். அரைவாழ் காலத்தில் அந்த இடத்தில் 0.693. வேக மாறிலி இரண்டிலும் ஒன்றே, ஆக ஏறத்தாழ 10 மடங்கு. புத்தகத்தில் சமன்பாட்டை வருவித்துப் பழகியவருக்கு 87.5 சதவீதம் என்று மாற்றிக் கேட்டாலும் பயமில்லை: மீதி 12.5, மூன்று அரைவாழ் காலம். விடையை மனப்பாடம் செய்தவர் 99.9-ஐயே தேடிக்கொண்டிருப்பார்.

கைடு ஜெயிக்கும் இடமும் உண்டு. கரிம வேதியியலில் பெயர் வினைகளை (தனிப் பெயரால் அழைக்கப்படும் வினைகளை) ஒரே இடத்தில் தொகுத்திருப்பார்கள். கடைசி வாரத்துக்கு அது அருமை. ஆனால் ஆல்டால் வினைக்கு ஆல்ஃபா ஹைட்ரஜன் (கார்பனைல் தொகுதிக்கு அடுத்த கார்பனில் உள்ள ஹைட்ரஜன்) வேண்டும், கன்னிசரோ வினைக்கு அது இருக்கக் கூடாது என்ற காரணத்தைப் புத்தகத்தில் படித்துவிட்டு அந்தப் பட்டியலுக்கு வாருங்கள். தமிழ் மீடியம் கைடுகளை வைத்துத்தான் இதைச் சொல்கிறேன்; இங்கிலீஷ் மீடியத்தில் இந்த அளவு புரட்டிப் பார்த்ததில்லை.

புத்தகத்தின் ஒவ்வொரு பாடத்திலும் தீர்க்கப்பட்ட கணக்கின் விடையைக் காகிதத்தால் மூடிவிட்டுப் போடுங்கள். அடுத்து தன்மதிப்பீட்டுக் கேள்விகள். சரிபார்க்க மட்டும் கைடைத் திறவுங்கள். கணக்கில் ஒவ்வொரு வரியிலும் அலகை (நிமிடம், வினாடி போன்றவற்றை) எழுதுங்கள். நிமிடத்தில் கொடுத்த நேரத்தை வினாடியில் கேட்டால், அலகு எழுதும் பழக்கம் இல்லாதவர் அப்படியே கடந்துவிடுவார்.