நாற்பதாயிரத்துக்குள் ஆர்கெஸ்ட்ரா: பழைய ஆப்டிப்ளெக்ஸ் 7060 தாங்குமா?

சேம்பிள் லைப்ரரி (நிஜக் கருவிகளின் ஸ்வரங்களை ஒவ்வொன்றாகப் பதிவு செய்த தொகுப்பு) வைத்து வயலின், செல்லோ, ஹார்ன் என்று எழுத ஆசைப்படுகிற யாரைக் கேட்டாலும், "லட்ச ரூபாய் கணினி வேணும்" என்கிற பேச்சிலேயே துவண்டு போகிறார்கள். எனக்கு இது வருத்தமான விஷயம். நான் புதுச்சேரி லாஸ்பேட்டையில் பிள்ளைகளுக்குக் கீபோர்டு சொல்லிக்கொடுக்கிறேன், பாடல்குழுவுக்கு இசை அமைக்கிறேன். என் வருமானத்துக்கு லட்சம் கட்டுப்படியாகாது. அதனால் ஏதோ ஒரு ஆபீஸில் ஓடிவிட்டு விற்பனைக்கு வந்த டெல் ஆப்டிப்ளெக்ஸ் 7060 ஒன்றை வாங்கினேன். போன கிறிஸ்துமஸ் பாட்டுகள் முழுக்க அதில்தான் எழுதினேன். தாராளமாகத் தாங்குகிறது; ஆனால் ரேமும், ஹார்ட் டிஸ்க்கைவிட வேகமான எஸ்எஸ்டியும் சேர்த்த பிறகுதான்.

காமராஜர் சாலைப் பக்கம் ரீஃபர்பிஷ்டு கணினி விற்கும் கடை அது. கடைத் தம்பி முதலில் கேட்டது, "கேமிங்கா, எடிட்டிங்கா அக்கா?" மியூசிக் என்றதும், கிராபிக்ஸ் கார்டு போட்ட பெரிய டவர் ஒன்றை எடுத்து வைத்தார். ரேம் 8 ஜிபி. நம் வேலைக்கு அந்தக் கார்டால் ஒரு பயனும் கிடையாது. அதற்குக் கொடுக்கிற காசு அப்படியே ரேமுக்குப் போக வேண்டும்.

காரணம் இதுதான். ஒரு நல்ல லைப்ரரியில் வயலினின் ஒரே ஒரு ஸ்வரத்தை மெதுவாக, நடுத்தரமாக, ஓங்கி என்று தனித்தனியாகப் பதிவு செய்திருப்பார்கள். லெகாட்டோ, பிட்ஸிகாட்டோ, ட்ரெமலோ என்று வாசிப்பு முறைக்கு ஒரு பதிவு, அப்புறம் மைக்குக்கு மைக் வேறு பதிவு. இத்தனையும் முழுசாக ரேமில் ஏறாது. கான்டாக்ட் மாதிரி சேம்பிளர்கள் (இந்த லைப்ரரிகளை வாசிக்கும் மென்பொருள்கள்) ஒவ்வொரு சேம்பிளின் தொடக்கத்தை மட்டும் ரேமில் வைத்துக்கொண்டு, மீதியை வாசிக்க வாசிக்க டிஸ்க்கிலிருந்து எடுக்கும். பந்தியில் முதல் கரண்டி சோற்றை இலையில் போட்டுவிட்டு மீதியை அடுக்களையிலிருந்து கொண்டுவருவது போல. அடுக்களை தூரமாக இருந்தால் இலை காய்ந்துவிடும். பழைய ஹார்ட் டிஸ்க்கில் பாட்டு நடுவில் படபடவென்று வெடிக்கிறது என்றால் பெரும்பாலும் இதுதான். எஸ்எஸ்டி இருந்தால் அந்தத் தொடக்கப் பகுதியின் அளவையே குறைத்துவிடலாம். கான்டாக்ட்டில் வழக்கமாக 60 கேபி இருப்பதை நான் 12 ஆக்கிவிட்டேன். ரேம் எவ்வளவு மிச்சமாகிறது என்று டாஸ்க் மேனேஜரைத் திறந்து வைத்துக்கொண்டு பாருங்கள், ஆச்சரியப்படுவீர்கள்.

கடையில் ஆறாம், ஏழாம் தலைமுறை இன்டெல் பெட்டிகள் இன்னும் மலிவாகக் கிடைத்தன. வேண்டாம். விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஓடு முடிந்தது; விண்டோஸ் 11-ஐ முறையாகப் போட இன்டெலில் எட்டாம் தலைமுறையாவது வேண்டும். 7060 அந்த எட்டாம் தலைமுறை. என்னுடையதில் இருப்பது ஐ7-8700, ஆறு கோர். 16 ஜிபி ரேமும் 256 ஜிபி எஸ்எஸ்டியும் சேர்த்து 24,000 ரூபாய். எச்பி எலைட்டெஸ்க் 800 ஜி4 கிடைத்தாலும் எடுக்கலாம், அதுவும் இதே தலைமுறைதான்.

16 ஜிபியில் ஸ்ட்ரிங்ஸ் குடும்பம் முழுசாக ஏறியது, புல்லாங்குழல், கிளாரினெட் மாதிரி மரக்காற்றுக் கருவிகளும் ஏறின. ஹார்னையும் கோரஸையும் சேர்த்தபோது மூச்சுத் திணறியது. இந்தப் பெட்டியில் ரேமுக்கு நான்கு ஸ்லாட் இருப்பதுதான் இதை நான் தேர்ந்தெடுத்ததற்கே காரணம். இருந்த இரண்டு 8-ஐயும் எடுக்காமல், பக்கத்தில் இரண்டு 16 போட்டு 48 ஜிபி ஆக்கினேன். லைப்ரரிக்கென்று 1 டிபி என்விஎம்இ (இன்னும் வேகமான எஸ்எஸ்டி) தனியாக. ரேமும் பழையதாகவே வாங்கியதால் மொத்தம் 40,000-க்குள் அடங்கியது. ரேம் விலை நிலையாக இருப்பதில்லை, வாங்கும் அன்று விசாரித்துக்கொள்ளுங்கள்.

இப்போது எல்லாக் கருவிகளையும் ஏற்றி வைத்த முழு டெம்ப்ளேட்டையும் திறந்து வைத்துக்கொண்டு, 256 பஃபரில் (கணினி ஒரு தடவைக்குத் தயார் செய்து அனுப்பும் ஒலித்துண்டின் அளவு; சிறியதானால் தாமதம் குறையும்) நேரடியாகக் கீபோர்டில் வாசிக்கிறேன். 48 கிலோஹெர்ட்ஸில் அந்தத் துண்டு 5 மில்லிசெகண்டு சொச்சம்தான். செல்லோ லெகாட்டோவில் ஒரு ஸ்வரத்திலிருந்து அடுத்ததற்கு வழுக்கிப் போகும்போது கீபோர்டின் ஓரத்தில் இருக்கும் மாட் வீல் சக்கரத்தை மெல்ல ஏற்றினால், சத்தம் அடியிலிருந்து விரிந்து வருகிறது. அந்த இடத்தில் ஒரு வெடிப்புச் சத்தம்கூட இல்லை. அதைக் கேட்ட அன்று இரவு நான் சீக்கிரம் தூங்கவில்லை. மிக்ஸ் செய்யும்போது மட்டும் பஃபரை 1024-க்கு ஏற்றிவிடுவேன்.

குறைகளும் உண்டு. இந்த மாதிரி ஆபீஸ் பெட்டிகளில் மின்விசிறி சின்னது, வேலை ஏறினால் சத்தமும் ஏறும். அதே அறையில் குரல் பதிவு செய்வதானால் தள்ளி வைக்க வேண்டும். பவர் சப்ளை அந்த மாடலுக்கென்றே செய்தது, சாதாரண ஏடிஎக்ஸ் பொருந்தாது. கணினியோடு வரும் ஆடியோ ஜாக்கை நம்பாமல் ஏஎஸ்ஐஓ டிரைவரோடு (ஒலித் தாமதத்தைக் குறைக்கும் மென்பொருள்) வரும் யுஎஸ்பி இன்டர்ஃபேஸ் ஒன்று வாங்குங்கள், அதற்குத் தனிக் காசு. யுபிஎஸ்ஸும் கட்டாயம். 2024 நவம்பரில் ஃபெஞ்சல் புயல் புதுச்சேரியில் கரையேறியதைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

ஆப்பிளின் எம்4 மேக் மினி எடுக்கலாமே என்று கேட்பீர்கள். வந்தபோது தொடக்க விலை 59,900. சத்தமே இல்லை, கோருக்குக் கோர் இதைவிட எவ்வளவோ வேகம். ஆனால் அந்த விலைக்கு 16 ஜிபிதான், பின்னால் ஒரு ஜிபிகூட ஏற்ற முடியாது. ஒன்றிரண்டு கருவிகளை வைத்துப் பாட்டு செய்கிறவர்கள் கண்ணை மூடிக்கொண்டு அதை வாங்கலாம். முழு ஆர்கெஸ்ட்ராவையும் ஒரே நேரத்தில் திறந்து வைத்து எழுதுவதானால் என் ஓட்டு 48 ஜிபிக்கே.

இன்னும் முடிவெடுக்காதவர்கள் முதலில் ஸ்பிட்ஃபயர் நிறுவனத்தின் பிபிசி சிம்பொனி ஆர்கெஸ்ட்ரா டிஸ்கவர் என்ற சேம்பிள் லைப்ரரியை இறக்கிப் பாருங்கள். பெரிய லைப்ரரிக்காக லண்டன் மைடா வேல் ஸ்டுடியோவில் பதிவு செய்த அதே பிபிசி குழுதான், ஆனால் மொத்தமே சுமார் 200 எம்பி. இலவசம். வீட்டில் இருக்கும் 8 ஜிபி லேப்டாப்பிலேயே ஓடும். அது போதாமல் போகும்போது கடைக்குப் போங்கள். போனால், பெட்டியின் மேல் ஒட்டியிருக்கும் சர்வீஸ் டேக் எண்ணை டெல் தளத்தில் போட்டு, அது எந்த ப்ராசஸரோடு வெளிவந்தது என்று அங்கேயே பாருங்கள். எஸ்எஸ்டியின் ஆயுளை கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற மென்பொருளில் காட்டச் சொல்லுங்கள். பில்லில் அந்த டேக் எண்ணையும் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.