25 சதவீத இடமா, ஊராட்சிப் பள்ளியா? ஒன்பதாம் வகுப்பை வைத்து ஒரு கணக்கு

எங்கள் குடும்பத்தில் இரண்டு வகையும் உண்டு. அக்கா மகன் கல்வி உரிமைச் சட்டம் (ஆர்.டி.இ.) தரும் இலவச இடத்தில் ஒரு தனியார் மெட்ரிக் பள்ளியில் ஆறாவது படிக்கிறான். என் மகள் ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளியில் மூன்றாவது. ஏப்ரல், மே வந்துவிட்டால் தெருவில் மூன்று வயதுப் பிள்ளை வைத்திருப்பவர்கள் எங்கே சேர்ப்பது என்று எங்கள் இரண்டு பேரிடமும் வந்து கேட்கிறார்கள். என் சாய்வு அரசுப் பள்ளிப் பக்கம்தான். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

விதிமுறைகள் பலருக்கும் தெரிந்தவை. 2009 கல்வி உரிமைச் சட்டப்படி, சிறுபான்மையினர் நடத்தாத தனியார் பள்ளிகள் நுழைவு வகுப்பில் 25 சதவீத இடம் ஒதுக்க வேண்டும். வீடு ஒரு கிலோமீட்டருக்குள் இருந்தால் முன்னுரிமை. சாதிச் சான்றோ, 2 லட்சத்துக்குக் கீழ் வருமானச் சான்றோ வேண்டும். விண்ணப்பம் அதிகமானால் குலுக்கல். 2025-இல் மத்திய, மாநில அரசுகளின் நிதித் தகராறில் இந்தச் சேர்க்கை அக்டோபர் வரை இழுத்தது. அதை நம்பியே இருந்தவர்கள் பாடு சொல்லி மாளாது.

ஆர்.டி.இ.யின் பலம் எல்.கே.ஜி. மூன்று வயதிலேயே பிள்ளையைச் சேர்த்துவிடலாம், ஆங்கிலம் சீக்கிரம் நாக்கில் ஏறும். அக்கா மகன் பேசும் ஆங்கிலம் என் மகளுக்கு இன்னும் வரவில்லை, அதை மறைக்க ஒன்றுமில்லை. ஆனால் தமிழ் வாசிப்பில் இவள் நன்றாகவே தேறியிருக்கிறாள். அரசுப் பள்ளிகளின் எண்ணும் எழுத்தும் திட்டத்தில் அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பிரித்துச் சொல்லிக்கொடுத்ததும் அதற்கு ஒரு காரணம் என்று நினைக்கிறேன்.

செலவைப் பார்ப்போம். அரசு தனியார் பள்ளிக்குக் கொடுப்பது ஒரு பிள்ளைக்கு இவ்வளவு என்று நிர்ணயித்த தொகை. அதற்கு வெளியே புத்தகம், சீருடை, வேன், ஆண்டுவிழா உடை என்று ஒவ்வொன்றாக வரும். ஜூன் மாதம் அக்காவுக்கு ஒரு மாதச் சம்பளம் இதிலேயே போகிறது. என் மகளுக்குப் புத்தகம், நோட்டு, சீருடை, பை, செருப்பு எல்லாம் பள்ளியிலேயே கிடைத்துவிடுகின்றன. அப்புறம் சாப்பாடு. 2022 செப்டம்பரில் மதுரையில் தொடங்கிய காலை உணவுத் திட்டம், 2023 ஆகஸ்டில் மாநிலம் முழுக்க அரசுத் தொடக்க வகுப்புகளுக்கு விரிந்தது. என் மகள் ஒன்றாம் வகுப்பில் சேர்ந்த வருடம் அது. உப்புமா, கிச்சடி, பொங்கல் என்று நாளுக்கு ஒன்று. காலை ஷிப்டுக்கு ஓடுகிறவளுக்கு இது எவ்வளவு பெரிய விடுதலை என்று ஓடுகிறவர்களுக்குத்தான் தெரியும். ஐந்தாம் வகுப்போடு அது நின்றுவிடும், மதிய உணவு முட்டையோடு தொடரும்.

ஆனால் நான் முடிவெடுத்தது உப்புமாவை வைத்து அல்ல, ஒன்பதாம் வகுப்பை வைத்து. எல்.கே.ஜி.க்கு அலையும்போது யாரும் யோசிக்காத இடம் அது. ஆர்.டி.இ. எட்டாம் வகுப்போடு முடிகிறது. மறு வருடம் அதே பெஞ்சில் உட்கார முழுக் கட்டணம் கட்ட வேண்டும்.

இன்னொரு பக்கம், அரசு கொடுக்கும் பெரிய சலுகைகள் எல்லாம் ஆறு முதல் பன்னிரண்டு வரை எங்கே படித்தாய் என்று பார்த்துத்தான் கிடைக்கின்றன. மருத்துவப் படிப்பில் அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு 7.5 சதவீத ஒதுக்கீடு 2020-இல் வந்தது. மறு வருடம் பொறியியல், வேளாண்மை போன்ற படிப்புகளுக்கும் வந்தது. அந்த ஒதுக்கீட்டில் பொறியியல் சேர்ந்தால் கல்விக் கட்டணம், விடுதிக் கட்டணம், கலந்தாய்வுக் கட்டணம் எல்லாம் அரசின் பொறுப்பு. பெண் பிள்ளைக்குப் புதுமைப் பெண் திட்டத்தில் கல்லூரி முடியும்வரை மாதம் 1,000 ரூபாய். மூன்று வருடப் படிப்பு என்றால் 36,000. பையன்களுக்குத் தமிழ்ப் புதல்வன் 2024-இல் வந்தது.

ஆர்.டி.இ. பிள்ளைக்கு இந்தக் கதவு மொத்தமாக மூடிவிடவில்லை. எட்டாவது வரை ஆர்.டி.இ.யில் படித்து, ஒன்பதிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தால் 7.5 சதவீதமும் உண்டு, புதுமைப் பெண்ணும் உண்டு. மாட்டிக்கொள்வது நடுவில் நிற்பவர்கள். "இன்னும் ரெண்டு வருஷம்தானே, பத்தாவதை இங்கேயே முடிக்கட்டும்" என்று கடன் வாங்கிக் கட்டணம் கட்டுவார்கள். பதினொன்றில் கட்ட முடியாமல் அரசுப் பள்ளிக்கு வருவார்கள். ஒன்பதும் பத்தும் தனியாரில் போனதால் ஒதுக்கீடு கிடைக்காது. இரண்டு வருடக் கட்டணமும் போய், அதைவிடப் பல மடங்கு பெறுமானமுள்ள சலுகையும் போய்விடும். என் மகள் ஏற்கெனவே அரசுப் பள்ளியில் இருப்பதால் இந்த இழுபறியே எங்களுக்கு இல்லை. எட்டாவது முடித்ததும் பக்கத்து அரசு மேல்நிலைப் பள்ளி, அவ்வளவுதான்.

அக்கா வீட்டில் இந்தப் பேச்சு இப்போதே ஓடுகிறது. ஒன்பதில் மாற்றிவிடலாம் என்கிறாள் அக்கா. பழகிய பள்ளி, கூட்டாளிகள், பையன் ஏங்கிப்போவான் என்கிறார் அத்தான். இரண்டிலும் நியாயம் இருக்கிறது.

என் மகள் மூன்றாவதுதான் படிக்கிறாள் என்பதையும் கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள். மேல் வகுப்புகளைப் பற்றி நான் சொன்னதெல்லாம் விதிகளைப் படித்தும் விசாரித்தும் தெரிந்துகொண்டது, அனுபவம் இல்லை. எங்கள் பள்ளியில் வகுப்புக்கு ஒரு ஆசிரியர் இருக்கிறார், அதுவும் என் சாய்வுக்கு ஒரு காரணம். ஐந்து வகுப்பையும் இரண்டே ஆசிரியர்கள் பார்க்கிற பள்ளிதான் உங்கள் ஊரில் இருக்கிறது, வேறு பள்ளி எட்டாத தூரம் என்றால், ஆர்.டி.இ. இடம் கிடைக்கும்போது விடச் சொல்ல எனக்கு மனசு வராது. சேர்த்தால், பின்னால் ஒதுக்கீடு கேட்கும்போது காட்ட, பிள்ளை ஆர்.டி.இ.யில் படித்ததற்கான சான்றை எட்டாவது முடிந்து மாற்றுச் சான்றிதழ் வாங்கும் அன்றே கையெழுத்தோடு வாங்கி வையுங்கள்.