வீட்டுக் கணினிக்குள் ஒரு ரவுட்டர் லேப்: ஐந்து வழிகள், ஓர் அலசல்

நெட்வொர்க் படிப்பவர்கள் ஏதோ ஒரு கட்டத்தில் தங்களுக்கென ஒரு லேப் வேண்டும் என்ற முடிவுக்கு வந்துவிடுகிறார்கள். பழைய ரவுட்டர்களை வாங்கி அடுக்கினால் அவற்றின் இடமும் இரைச்சலும் சூடும் வீட்டாரின் பொறுமையைச் சோதிக்கும் என்பதால், இருக்கும் கணினிக்குள்ளேயே லேப் அமைப்பதுதான் இன்று வழக்கமாகிவிட்டது. பாக்கெட் டிரேசர், ஜிஎன்எஸ்3, ஈவ்-என்ஜி, சிஸ்கோ மாடலிங் லேப்ஸ் எனப்படும் சிஎம்எல், கன்டெய்னர்லேப் ஆகிய ஐந்தும் இதற்கு முன்னிற்கும் வழிகள். எது சிறந்தது என்று கேட்பதற்கு முன், திரையில் ரவுட்டர் என்று வரையப்பட்டிருக்கும் அந்தச் சின்னத்துக்குப் பின்னால் உண்மையில் ஓடுவது என்ன என்று கேட்க வேண்டும். ஐந்தையும் பிரித்துக் காட்டுவது அந்தக் கேள்விதான்.

பாக்கெட் டிரேசரில் ரவுட்டர் எதுவும் ஓடுவதில்லை. சிஸ்கோ சாதனம் எப்படி நடந்துகொள்ளும் என்பதைப் பார்த்து எழுதப்பட்ட ஒரு நிரல்தான் நம் கட்டளைகளுக்கு விடை சொல்கிறது. ஆகவே, அதை எழுதியவர்கள் நினைத்துப் பார்த்த கட்டளைகள் மட்டுமே அதில் உண்டு. பாதி தட்டச்சு செய்த பிறகு கேள்விக்குறி போட்டுப் பார்த்தால் சிஸ்கோவின் இயங்குதளமான மெய்யான ஐஓஎஸ்ஸில் இருக்கும் பல தெரிவுகள் அங்கே இருக்காது. ஆனாலும் இதை விளையாட்டுப் பொருள் என்று ஒதுக்குபவர்களோடு நான் உடன்படவில்லை. நேரத்தை நிறுத்தி வைத்து, ஓர் ஐபி முகவரிக்குரிய கருவி எது என்று தேடும் ஏஆர்பி கேள்வி எந்தெந்தப் போர்ட் வழியாகப் பரவி எங்கே விடை பெற்றுத் திரும்புகிறது என்று அடியடியாகக் காட்டும் அதன் சிமுலேஷன் முறைக்கு மற்ற நான்கிலும் ஈடு கிடையாது. சிஸ்கோ நெட்வொர்க்கிங் அகாடமியில் பதிவு செய்தால் இலவசமாகவே கிடைக்கிறது. பழைய மடிக்கணினியிலும் ஓடுகிறது. சிஸ்கோவின் சிசிஎன்ஏ சான்றிதழ் வரை படிப்பவருக்கு இதுவே போதும். வேறு நிறுவனத்தின் ரவுட்டர் ஒன்றைச் சேர்க்க வேண்டும் என்ற ஆசை வரும் நாளில் இதை விட்டு வெளியேற வேண்டியிருக்கும்.

ஜிஎன்எஸ்3-இன் கதை டைனமிப்ஸில் தொடங்குகிறது. கிறிஸ்டோஃப் ஃபியோ 2005-இல் எழுதத் தொடங்கிய அந்த எமுலேட்டர், சிஸ்கோ 7200 ரவுட்டரின் சிபியுவையே மென்பொருளில் உருவாக்கி, அதன்மேல் அசல் ஐஓஎஸ் இமேஜை, அதாவது அந்த இயங்குதளம் அடங்கிய கோப்பை, ஏற்றியது. பின்னாளில் 3725, 2691 போன்ற மாடல்களும் சேர்ந்தன. டைனமிப்ஸ் ரவுட்டர் ஒன்றைத் தொடங்கியவுடன், அது ஒரு வேலையும் செய்யாமல் இருக்கும்போதே சிபியுவின் ஒரு கோர் நூறு விழுக்காட்டைத் தொட்டு, மின்விசிறி சீறத் தொடங்கும். ஐஓஎஸ் சும்மா சுற்றிக்கொண்டிருக்கும் இடம் எது என்பது எமுலேட்டருக்குத் தெரியாததே இதற்குக் காரணம். ஐடில்-பிசி என்ற மதிப்பைக் கண்டுபிடித்துக் கொடுத்தால் சத்தம் அடங்கிவிடும். சுவிட்சுகளின் நிலை வேறு: கேட்டலிஸ்ட் சுவிட்சுகளின் வேலையைச் செய்வது தனிச் சில்லுகள் என்பதால் டைனமிப்ஸால் அவற்றை எமுலேட் செய்ய இயலாது, 16 போர்ட் கொண்ட ஒரு சுவிட்ச் மாட்யூலைச் செருகிச் சமாளிக்க வேண்டியதுதான்.

இன்றைய ஜிஎன்எஸ்3 டைனமிப்ஸோடு நின்றுவிடவில்லை. கியூஇஎம்யு என்ற மெய்நிகர் கணினி மென்பொருள் வழியாக எந்த நிறுவனத்தின் மெய்நிகர் ரவுட்டரையும், டாக்கர் வழியாக கன்டெய்னர்கள் எனப்படும் இலகுவான தனித்த நிரல் பொதிகளையும், சோதனைக்கென மிகச் சிறிய விபிசிஎஸ் கணினிகளையும் ஒரே படத்தில் இணைக்கலாம். இரண்டு ரவுட்டர்களுக்கு இடையிலுள்ள கோட்டின்மீது வலச்சொடுக்கு செய்தவுடன் பாக்கெட்டுகளைப் பிடித்துக் காட்டும் வயர்ஷார்க் திறந்துகொள்வது, கற்பவருக்கு இது செய்யும் பேருதவி. இதன் குறை நிறுவுவதில் இருக்கிறது. முகப்பு நிரலும், ரவுட்டர்கள் ஓடும் மெய்நிகர் கணினியான ஜிஎன்எஸ்3 விஎம்மும் ஒரே பதிப்பாக இருந்தாக வேண்டும். ஒன்றைப் புதுப்பித்து மற்றதை மறந்துவிட்டால் இரண்டும் பேச மறுத்துவிடும்.

ஈவ்-என்ஜி, யுனெட்லேப் என்ற முந்தைய திட்டத்தின் வாரிசு. இதில் முகப்பு நிரல் என்று தனியாக எதுவும் இல்லை. ஒரு லினக்ஸ் சர்வராக அமர்ந்துகொண்டு பிரவுசர் வழியாக லேப்பைக் காட்டுகிறது. இலவசமான கம்யூனிட்டி பதிப்பில் ஒரு லேப்புக்கு 63 நோட் (லேப்பில் உள்ள சாதனம்) வரை வைக்கலாம் என்பது வீட்டுக் கணினிக்குப் போதுமானதற்கும் அதிகம், ஏனெனில் அந்த எண்ணிக்கையை எட்டுவதற்கு முன் ரேம் தீர்ந்துவிடும். இமேஜ்களை அது எதிர்பார்க்கும் பெயரிலேயே, அது எதிர்பார்க்கும் ஃபோல்டரில் வைத்து, அனுமதிகளைச் சரிசெய்யும் கட்டளையையும் ஓட்ட வேண்டும். ஓர் எழுத்து பிசகினாலும் பட்டியலில் அந்தச் சாதனம் மங்கலாகவே நிற்கும். இரண்டாவதாக ஒரு கணினி சும்மா கிடந்தால் அதில் நேரடியாக ஈவ்-என்ஜியை நிறுவிவிட்டு, வீட்டின் எந்த மூலையிலிருந்தும் பிரவுசரில் வேலை செய்வது சுகமாக இருக்கும். அன்றாடம் புழங்கும் ஒரே மடிக்கணினியில் விஎம்மாக ஓட்டும்போது, ஜிஎன்எஸ்3-ஐ விட இது எனக்குப் பெரிய ஆதாயம் எதையும் தரவில்லை.

சிஎம்எல் குறித்து அதிகம் சொல்வதற்கில்லை. சிஸ்கோ மட்டும் படிப்பவருக்கு, இமேஜ்கள் முறையான உரிமத்தோடு கையில் வந்து சேரும் ஒரே வழி இது. ஆண்டுச் சந்தா கட்டும் பர்சனல் பதிப்பில் 20 நோட்களும், இலவசப் பதிப்பில் 5 நோட்களும் ஓட்டலாம். ரவுட்டர்கள் பாதைகளை அறிந்துகொள்ளும் ரூட்டிங் நெறிமுறைகளில், ஓஎஸ்பிஎஃப்பின் பல ஏரியாக்களையும் (பகுதிகளையும்) அடிப்படை பிஜிபியையும் ஐந்து ரவுட்டர்களில் தாராளமாகப் பழகிவிட முடியும்.

கன்டெய்னர்லேப் இந்த வரிசையில் கடைசியாக வந்தது. நோக்கியாவின் பொறியாளர்கள் தொடங்கி, திறமூலமாக வளர்த்துவருவது. இதில் சுட்டியால் படம் வரைய வேண்டியதில்லை. எந்தெந்த நோட், எந்த இமேஜ், எந்த இன்டர்ஃபேஸ் எதனோடு இணைகிறது என்று யாமல் வடிவிலான ஓர் உரைக்கோப்பில் எழுதிவிட்டு ஒரே கட்டளையில் லேப்பை எழுப்பலாம். இன்னொரு கட்டளையில் கலைத்துவிடலாம். எஃப்ஆர்ஆர் என்ற திறமூல ரூட்டிங் மென்பொருள் ஓடும் கன்டெய்னர் ஒன்றுக்குச் சில பத்து எம்பி ரேம் போதும் என்பதால், பத்து ரவுட்டர்கள் உள்ள லேப் சில நொடிகளில் எழுந்து நிற்கும். நோக்கியாவின் எஸ்ஆர் லினக்ஸ் இமேஜைப் பதிவு ஏதுமின்றி யாரும் இறக்கிக்கொள்ளலாம். அரிஸ்டாவின் சிஇஓஎஸ் இமேஜுக்கு அவர்களுடைய தளத்தில் பதிவு செய்தால் போதும். கோப்பை கிட் என்ற பதிப்பு மேலாண்மைக் கருவியில் போட்டு வைத்தால், ஆறு மாதம் கழித்தும் அதே லேப் அதே நிலையில் மீண்டும் எழும். மற்ற நான்கிலும் இதைச் செய்ய முடியாது என்றில்லை. ஆனால் இதில் அந்தக் கோப்புதான் லேப் என்பதால் ஒழுங்கு தானாகவே வந்துவிடுகிறது.

இதற்கும் சில சிடுக்குகள் உண்டு. எஃப்ஆர்ஆரை முதன்முறை கையாள்பவர் ஓஎஸ்பிஎஃப் கட்டளையைத் தட்டினால், அப்படி ஒன்றே இல்லை என்பது போல மறுப்பு வரும். எந்த டீமன்கள் (பின்னணி நிரல்கள்) எழ வேண்டும் என்று சொல்லும் கோப்பில் ஓஎஸ்பிஎஃப், பிஜிபி இரண்டுமே முன்னிருப்பாக அணைக்கப்பட்டிருக்கும். அதைத் திருத்தி, தனித்தனி நிர்வாகத்தில் உள்ள நெட்வொர்க்குகளான இரண்டு தன்னாட்சி அமைப்புகளுக்கு இடையே பிஜிபியையும் எழுப்பிவிட்டால், அண்டை ரவுட்டர் எஸ்டாப்ளிஷ்டு (உறவு நிலைபெற்ற) நிலையில் இருந்தும் ஒரு ரூட் (பாதை) கூட வந்து சேராது. சுருக்கப் பட்டியலில் எண் இருக்க வேண்டிய இடத்தில் பாலிசி என்ற சொல் அடைப்புக்குறிக்குள் நிற்கும். வெளிப் பிஜிபி உறவுக்கு வடிகட்டிக் கொள்கை எழுதப்படாவிட்டால் எதையும் வாங்கவோ கொடுக்கவோ கூடாது என்று 2017-இல் வெளியான ஆர்எஃப்சி 8212 என்ற இணையத் தர ஆவணம் சொல்கிறது, எஃப்ஆர்ஆர் 7.4 பதிப்பிலிருந்து அதை முன்னிருப்பாகவே கடைப்பிடிக்கிறது. சிஸ்கோ ஐஓஎஸ் பழகிய கைக்கு இது அன்னியமாகத் தோன்றினாலும், இணையத்தில் ரூட்டுகள் கசிவதைத் தடுக்கும் நல்ல பழக்கம் இது. மேலும், கன்டெய்னர்கள் அனைத்தும் ஹோஸ்ட்டின், அதாவது அவை ஓடும் கணினியின், இயங்குதளக் கருவான கெர்னலையே பகிர்ந்துகொள்வதால், லேபிள் ஒட்டிப் பாக்கெட்டுகளைக் கடத்தும் எம்பிஎல்எஸ் போன்றவற்றுக்குத் தேவையான கெர்னல் மாட்யூல்களை ஹோஸ்ட்டில்தான் ஏற்ற வேண்டும்.

இனி, ஒப்பீடுகளில் பெரும்பாலும் விடுபட்டுப்போகும் ஒரு விஷயத்துக்கு வருகிறேன்: அது வயர். ஓஎஸ்பிஎஃப் பேசிக்கொண்டிருக்கும் இரண்டு ரவுட்டர்களில் ஒன்றன் இன்டர்ஃபேஸை ஷட்டவுன் செய்து பாருங்கள். பாக்கெட் டிரேசரில் இருமுனையும் உடனே சிவப்பாகிவிடும். கன்டெய்னர்லேப்பில் எஃப்ஆர்ஆர் நோட்களை இணைப்பது வீத் எனப்படும் லினக்ஸின் இரட்டை முனை இணைப்பு. ஒரு முனை விழுந்தால் மறுமுனை அக்கணமே கேரியரை (இணைப்புச் சிக்னலை) இழப்பதால் அண்டை உறவும் உடனே முறிகிறது. ஜிஎன்எஸ்3-இலோ ஈவ்-என்ஜியிலோ கியூஇஎம்யு வழியாக ஓடும் ரவுட்டரில் இதே சோதனையைச் செய்தால் எதிர்முனை எதுவும் நடக்காதது போல அப் என்றே காட்டிக்கொண்டிருக்கும். அண்டையிடமிருந்து செய்தி வருமா என்று காத்திருக்கும் 40 நொடி டெட் டைமர் தீர்ந்த பிறகுதான் உறவு முறியும். விருந்தினர் கணினிக்குள் நடந்த ஷட்டவுன், வெளியே உள்ள மெய்நிகர் வயருக்குத் தெரிவதில்லை. இதை அறியாதவர் ஓஎஸ்பிஎஃப் இவ்வளவு மந்தமா என்று தவறான பாடத்தைக் கற்றுக்கொள்வார். நடுவில் ஒரு சுவிட்ச் இருக்கும் அசல் நெட்வொர்க்கில் நடப்பதும் இதுதான் என்பதால், முறிவை விரைவாகக் கண்டறியும் பிஎஃப்டி ஏன் தேவை என்று புரியவைக்க இதைவிட நல்ல இடம் கிடைக்காது.

வயரில் இன்னொரு பொறியும் உண்டு. வேறு கருவி எதுவும் வேண்டாம், லினக்ஸிலேயே உள்ள கேவிஎம் என்ற மெய்நிகராக்க வசதியும், மென்பொருள் சுவிட்சான லினக்ஸ் பிரிட்ஜும் போதும் என்று தாமே லேப் கட்டுபவர்கள், இரண்டு சுவிட்சுகளுக்கு இடையே பல இணைப்புகளை ஒன்றாகக் கட்டும் எல்ஏசிபி ஏன் எழவில்லை என்று தேடுவார்கள். எல்ஏசிபியும், அண்டைச் சாதனங்களை அறியும் எல்எல்டிபியும் பயன்படுத்தும் தனி மல்டிகாஸ்ட் முகவரிகளை லினக்ஸ் பிரிட்ஜ் கடத்தாது. எல்எல்டிபிக்கு ஒரு அமைப்பை மாற்றி வழிவிடலாம் என்றாலும், எல்ஏசிபிக்கு அந்த வழியையும் கெர்னல் அடைத்து வைத்திருக்கிறது. ஈவ்-என்ஜி இதற்காகவே திருத்திய கெர்னலோடு வருகிறது. ஜிஎன்எஸ்3 ஃபிரேமை யுடிபி பாக்கெட்டுக்குள் பொதிந்து அனுப்புவதால் இந்தச் சிக்கலே எழுவதில்லை. கன்டெய்னர்லேப்பின் நேரடி இணைப்பில் நடுவே பிரிட்ஜ் எதுவும் கிடையாது.

ரேம் கணக்கைப் போடாமல் எதையும் தேர்ந்தெடுக்கக் கூடாது. 16 ஜிபி உள்ள கணினியில் இயங்குதளமும் பிரவுசரும் எடுத்தது போக ஏறத்தாழ 10 ஜிபி மிஞ்சும் என்று வைத்துக்கொள்வோம். சிஸ்கோவின் மெய்நிகர் ரவுட்டரான ஐஓஎஸ்வி ஒன்றுக்கு 512 எம்பி என்பதால் பன்னிரண்டு ரவுட்டர்கள் வசதியாக அடங்கும். ஜூனிப்பர் 2023-இல் இலவசமாக வெளியிட்ட விஜுனோஸ் சுவிட்ச் ஒன்றே 5 ஜிபி கேட்கிறது. சிஸ்கோவின் கனமான மெய்நிகர் ரவுட்டரான ஐஓஎஸ் எக்ஸ்ஆர்வி 9000 அந்தக் கணினியின் மொத்த ரேமையும் தனக்கே கேட்கும்.

ரேம் இருந்தாலும் போதாது. ஜிஎன்எஸ்3 விஎம், ஈவ்-என்ஜி, சிஎம்எல் மூன்றும் மடிக்கணினியில் விஎம்மாக ஓடும்போது விஎம்முக்குள் விஎம் ஓட்டுபவை. விண்டோஸில் அதன் சொந்த மெய்நிகராக்க வசதியான ஹைப்பர்-வியோ, மெமரி இன்டெக்ரிட்டி என்ற பாதுகாப்பு வசதியோ இயங்கிக்கொண்டிருந்தால், விஎம்வேர் வொர்க்ஸ்டேஷனால் சிபியுவின் விர்ச்சுவலைசேஷன் வசதியை உள்ளே கடத்த முடியாது. ஜிஎன்எஸ்3 விஎம்மின் திரையில் கேவிஎம் ஆதரவு என்ற வரிக்கு நேராக ஃபால்ஸ் என்று தெரிந்தால் காரணத்தை இங்கேதான் தேட வேண்டும். அதைச் சரிசெய்யாமல் கனமான ரவுட்டர் ஒன்றைத் தொடங்கினால் பூட் ஆவதற்குள் பொறுமை போய்விடும். விஜுனோஸ் சுவிட்ச் தனக்குள்ளேயே இன்னொரு விஎம்மை ஓட்டுவதால், அதற்கு நேரடி லினக்ஸ் கணினி தவிர வேறு வழியில்லை என்றே கொள்ளலாம். எஃப்ஆர்ஆரையோ எஸ்ஆர் லினக்ஸையோ கன்டெய்னராக ஓட்டுபவருக்கு இந்தத் தலைவலி எதுவும் கிடையாது.

ஜிஎன்எஸ்3-ஐயும் ஈவ்-என்ஜியையும் நிறுவி முடித்தவர் அடுத்த நிமிடமே சந்திக்கும் கேள்வி, இமேஜ் எங்கே என்பது. இரண்டும் வெறும் மேடைதான். சிஸ்கோ இமேஜ்கள் அவற்றோடு வருவதில்லை. டோரண்டில் எடுத்துக்கொள் என்ற அறிவுரை எளிதாகக் கிடைக்கும். உரிமத்தை மீறுவது ஒருபுறமிருக்க, யார் கைவைத்தது என்று தெரியாத இமேஜை வீட்டு நெட்வொர்க்கோடு பிரிட்ஜ் செய்வதை நான் ஒருபோதும் பரிந்துரைக்க மாட்டேன். முறையாகவே கிடைப்பவையும் கணிசமாக இருக்கின்றன. வியாட்டாவிலிருந்து 2013-இல் பிரிந்த வையோஸின் ரோலிங் பதிப்பு, ஜூனிப்பரின் விஜுனோஸ், மைக்ரோடிக்கின் சிஹெச்ஆர் ஆகியவற்றை இலவசமாகவே இறக்கலாம். சிஹெச்ஆரின் இலவச உரிமத்தில் ஒவ்வொரு இன்டர்ஃபேஸும் நொடிக்கு 1 மெகாபிட்டுக்கு மேல் அனுப்பாது. ரூட்டிங் பழகுவதற்கு அது தடையே இல்லை.

ஒரே ஒரு 16 ஜிபி கணினியை வைத்துக்கொண்டு என்னிடம் வழி கேட்பவருக்கு, அவர் சிசிஎன்ஏ தேர்வை மட்டும் குறிவைத்திருந்தால் பாக்கெட் டிரேசரையும், கூடவே சிஎம்எல் இலவசப் பதிப்பின் ஐந்து நோட்களையும் சொல்வேன். ரூட்டிங் நெறிமுறைகளை ஆழமாகப் படிக்க விரும்புபவர் லினக்ஸையோ, விண்டோஸுக்குள் லினக்ஸை ஓட்டும் டபிள்யூஎஸ்எல்2-ஐயோ வைத்துக்கொண்டு கன்டெய்னர்லேப்பில் தொடங்கட்டும். யாமல் எழுதத் தயங்கினால் ஜிஎன்எஸ்3 போதும். ஈவ்-என்ஜியை இரண்டாவது கணினி வரும்வரை தள்ளிப்போடலாம். எதில் தொடங்கினாலும் முதலில் இரண்டே ரவுட்டர்களை இணைத்து, ஓர் இன்டர்ஃபேஸை ஷட்டவுன் செய்து, எதிர்முனையில் உறவு முறிய எத்தனை நொடியாகிறது என்று கடிகாரம் வைத்துப் பார்த்துவிட்டு மூன்றாவது ரவுட்டரைச் சேர்க்கவும்.