எச்11, எச்13, எச்21: அலுமினிய வார்ப்பு அச்சுக்கு எந்த எஃகு?

அழுத்த வார்ப்பு முறையில் அலுமினியத்தை வார்க்கும் அச்சு, 650 முதல் 700 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் பாயும் உருகிய உலோகத்தை ஒவ்வொரு முறையும் தாங்கி, வார்ப்பை எடுத்தவுடன் தெளிக்கப்படும் நீர் கலந்த மசகால் சட்டென்று குளிர்கிறது. மேற்பரப்பு மட்டும் 300 டிகிரி கூடுதலாகச் சூடேறி, அடியிலுள்ள எஃகு அதை விரியவிடாமல் பிடித்துக்கொண்டால், எஃகு நிரந்தரமாக உருமாறவில்லை என்று கொள்ளும் மீட்சிக் கணக்குப்படி ஏறத்தாழ 1,000 மெகாபாஸ்கல் அமுக்கத் தகைவு (பரப்பளவு ஒன்றுக்கான உள்விசை) உண்டாகும். வெப்பத்தில் வலிமை குறைந்திருக்கும் மேற்பரப்பு, கூர்மையான மூலைகளில் இதற்கு ஈடுகொடுக்க முடியாமல் சிறிது நசுங்கிவிடுகிறது. நசுங்கிய அந்தத் தோல் குளிர்ந்து சுருங்கும்போது இழுவிசைக்கு ஆளாகிறது. பல்லாயிரம் முறை இது திரும்ப நிகழ்ந்த பிறகு மேற்பரப்பில் தோன்றும் வலைபோன்ற நுண்விரிசல்களைத்தான் தொழிற்கூடங்களில் ஹீட் செக்கிங் என்கிறார்கள்.

எச்11, எச்13, எச்21 மூன்றும் சூடான உலோகத்தைக் கையாளும் கருவிகளுக்கான எஃகு வகைகள். இவற்றில் வெப்பத்தில் வலிமை வேண்டும் என்பதை மட்டும் பார்த்தால் எச்21 முந்தி நிற்கும். ஏறத்தாழ 9 விழுக்காடு டங்ஸ்டன் உள்ள இந்த எஃகு, 600 டிகிரிக்கு மேல் எச்13-ஐ விடக் கடினத்தன்மையை நன்றாகத் தக்கவைத்துக்கொள்கிறது. ஆயினும் விரிசல் பரவாமல் தாங்கும் திறன் (டஃப்னஸ்) அதற்குக் குறைவு என்பதால், நீர் பட்டுத் திடீரெனக் குளிரும் அச்சில் அது பிளந்துவிடும் ஆபத்து பெரிது. பித்தளை, செம்புக் கலவைகளைப் பிதுக்கும் கருவிகளுக்கு அது பொருந்தும். நீர் தெளிக்கும் அலுமினிய அச்சுக்கு நான் அதைப் பரிந்துரைக்க மாட்டேன்.

எச்11, எச்13 இரண்டிலும் குரோமியம் ஏறத்தாழ 5 விழுக்காடு. உண்மையான வேறுபாடு வனேடியத்தில் இருக்கிறது. எச்11-இல் அது அரை விழுக்காட்டை ஒட்டியும் எச்13-இல் ஒரு விழுக்காட்டை ஒட்டியும் அமைகிறது. கூடுதல் வனேடியம் கரிமத்துடன் சேர்ந்து நுண்ணிய கார்பைடு என்ற கடினத் துகள்களாகப் பிரிந்து, எஃகு வெப்பத்தில் மென்மையாவதைத் தாமதப்படுத்துகிறது. 500 டிகிரிக்கு மேல் மீண்டும் மீண்டும் திரிபுக்கு (நீளுதல், அமுங்குதல்) உள்ளாகும்போது இவ்வகை எஃகுகள் முதல் சில சுழற்சிகளில் விரைவாகவும் பின்னர் மெதுவாகவும் வலிமையை இழந்துகொண்டே வருவதால், அந்தத் தாமதத்துக்கு மதிப்புண்டு. ஆனால், அதே வனேடியம் பெரிய எஃகுக் கட்டிகளின் மையத்தில் பருமனான கார்பைடுகளாகத் தங்கிவிட்டால், விரிசல் அங்கிருந்தே தொடங்கலாம். ஆகவே சிறிய, வெப்பம் மிகுந்த செருகு அச்சுகளுக்கு (பெரிய அச்சுக்குள் பொருத்தும் துண்டுகளுக்கு) எச்13-ம், பெரிய கனத்த அச்சுகளுக்கு எச்11-ம் என்பதே என் தேர்வு. மென்மையாதலே முதன்மைச் சிக்கலாக உள்ள இடங்களில், ஏறத்தாழ 3 விழுக்காடு மாலிப்டினம் கொண்ட 1.2367 என்ற ஜெர்மானிய வகையையும் சேர்த்துப் பார்க்கலாம்.

ஆய்வுக்கூட முடிவுகளைக் கொண்டு இவற்றை வரிசைப்படுத்துவதில் ஓர் எச்சரிக்கை தேவை. மாறாத வெப்பநிலையில் மாதிரியை இழுத்தும் அமுக்கியும் செய்யும் களைப்புச் சோதனை, வெப்பத்தில் அமுக்கமும் குளிரில் இழுவையும் மாறி மாறி வரும் அச்சின் நிலைமையை அப்படியே காட்டாது; வெப்பநிலையையும் சேர்த்து ஏற்றி இறக்கும் சோதனையே அதற்கு அருகில் வருகிறது.

கடினத்தன்மையில் ராக்வெல் சி அளவில் 44 முதல் 48 வரை வைப்பது வழக்கம். கூட்டினால் நுண்விரிசல் தாமதமாகும். ஆனால் அச்சு முழுவதுமாகப் பிளக்கும் வாய்ப்பும் கூடவே வளரும் என்பதால், பெரிய அச்சுக்குக் கீழெல்லையே பாதுகாப்பானது.

என் பார்வையில், எச்11-ஆ எச்13-ஆ என்ற விவாதத்தைவிட எஃகின் தூய்மை பெரிய வேறுபாட்டை உண்டாக்குகிறது. மின்கசடு முறையில், அதாவது மின்சாரத்தால் சூடாக்கிய கசடு வழியே சொட்டவிட்டு மாசு நீக்கி, மறுபடி உருக்கிய, கந்தகம் 0.005 விழுக்காட்டுக்கும் குறைந்த எச்11, சாதாரணமாக உருக்கிய எச்13-ஐ விட எளிதில் பிளக்காது. மின்பொறியால் உலோகத்தை அரித்து வடிவமைக்கும் ஸ்பார்க் இயந்திரத்தில் வெட்டிய பரப்பில் மிஞ்சும், நுண்வெடிப்புகள் நிறைந்த உருகி உறைந்த வெள்ளைப் படலத்தையும் தேய்த்து நீக்கியாக வேண்டும். அதை விட்டுவைத்தால், எந்த எஃகை வாங்கினாலும் விரிசலுக்கான தொடக்கம் முதல் வார்ப்புக்கு முன்பே அச்சில் இருக்கும்.