குமுளியில் கிடைக்கும் துகள் சோதனைப் பெட்டி: வாங்கலாமா?

ஏழு முதல் ஒன்பதாம் வகுப்பு வரை படிக்கும் பிள்ளைகளுக்குத் திட, திரவ, வாயு நிலைகளைக் கையால் செய்துபார்க்க வைக்கும் பெட்டி இது. உள்ளே 20 மி.லி. சிரிஞ்ச், தெர்மாமீட்டர், சோதனைக்குழாய்கள், 50 மி.லி. அளவுருளை, ஸ்டீயரிக் அமிலம், பொட்டாசியம் பெர்மாங்கனேட், பாச்சா உருண்டை. குறைகள் உண்டு, ஆனாலும் வாங்கலாம்.

கொடுத்த காசு சிரிஞ்சிலேயே வந்துவிடுகிறது. காற்றை அடைத்து, முனையை விரலால் மூடி அழுத்தினால் பாதி அளவுக்குச் சுருங்கும். தண்ணீரை அடைத்து அழுத்தினால் அசையாது. அசைந்தால் உள்ளே குமிழி இருக்கிறது; முனையை மேலே பிடித்துத் தட்டி வெளியேற்றுங்கள். அடுத்து, சுமார் 60 டிகிரி வெந்நீர் 5 மி.லி. எடுத்து, காற்றில்லாமல் முனையை அடைத்து, பிஸ்டனை நன்றாக இழுத்துப் பாருங்கள். அடுப்பே இல்லாமல் தண்ணீர் கொதிக்கும். அழுத்தம் குறைந்தால் கொதிநிலையும் குறையும் என்பதைக் கண்ணால் காட்ட இதைவிட எளிய வழி கிடையாது. வெந்நீர் சுடும், பெரியவர் பக்கத்தில் இருக்கட்டும்.

இந்த ஊரில் அந்தப் பாடம் ரொம்ப அவசியம். 'தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்கும்' என்கிறது கையேடு. குமுளி சுமார் 900 மீட்டர் உயரம். இங்கே 97 டிகிரியிலேயே கொதித்துவிடும். கீழே கம்பம் ஊரில் 99-ஐ ஒட்டி வரும். தெர்மாமீட்டர் பழுது என்று எறிந்துவிடாதீர்கள். நொறுக்கிய பனிக்கட்டியும் தண்ணீரும் கலந்து அதில் வைத்தால் 0 காட்டுகிறதா என்று பாருங்கள், போதும்.

ஸ்டீயரிக் அமிலத்தை வெந்நீரில் வைத்து உருக்கி, ஆறவிட்டு 30 விநாடிக்கு ஒருமுறை வெப்பநிலையைக் குறித்தால், உறையும்போது வெப்பநிலை இறங்காமல் நிற்க வேண்டும். தூய அமிலம் உறைவது 69 டிகிரியில். பெட்டியில் இருப்பது மெழுகுவர்த்தித் தரச் சரக்கு, பால்மிட்டிக் அமிலம் கலந்தது. 55-ஐ ஒட்டித்தான் உறைகிறது. தெர்மாமீட்டரின் குமிழ் குழாயின் அடியைத் தொட்டால் கணக்கு தப்பும். உறைந்தபின் பிடுங்கினால் தெர்மாமீட்டர் உடையும், மறுபடி உருக்கித்தான் எடுக்க வேண்டும்.

தண்ணீரில் நிறம் தானாகவே பரவுவதைக் காட்டும் பெர்மாங்கனேட் சோதனைக்குக் கடுகைவிடச் சின்னத் துணுக்கு ஒன்று போதும். போட்டபின் கலக்கவோ டம்ளரை நகர்த்தவோ கூடாது.

அளவுருளைதான் பெரிய குறை. 50 மி.லி. தண்ணீரும் 50 மி.லி. தூய எத்தனாலும் சேர்ந்தால் 100 வராது, ஏறக்குறைய 97 மி.லி. தான் வரும். துகள்களுக்கிடையே இடைவெளி இருப்பதைக் காட்டும் அருமையான சோதனை. இந்த உருளையில் 25-ம் 25-மாகத்தான் ஊற்ற முடியும். குறைவது ஒன்றரை மி.லி. அளவுதான், சுவரில் ஒட்டுவதிலேயே அது மறைந்துபோகும். மருந்துக்கடை ஸ்பிரிட்டில் ஏற்கெனவே தண்ணீர் கலந்திருப்பதால் வித்தியாசம் இன்னும் சுருங்கும்.

பாச்சா உருண்டையைச் சூடாக்கும் சோதனையை விட்டுவிடுங்கள். அந்த ஆவி பிள்ளைகளுக்கு ஆகாது, தீயும் பற்றும்.

கையேடு மலையாளத்திலும் ஆங்கிலத்திலும் மட்டுமே. பீர்மேடு, வண்டிப்பெரியாறு பக்கம் தமிழ்வழியில் படிக்கும் தோட்டத் தொழிலாளர் பிள்ளைகள் கையில் இது போய்ச் சேர வேண்டுமானால், தமிழில் நாலு பக்கமாவது அச்சடித்து வைக்க வேண்டும். வாங்குகிறவர்கள் 100 மி.லி. அளவுருளை ஒன்றைத் தனியாக வாங்கிக்கொள்ளுங்கள்.