கணக்கு எழுதத்தான் கம்ப்யூட்டர் கேட்டேன்

கிருஷ்ணகிரியில் அலுவலக வேலைக்குக் கம்ப்யூட்டர் அசெம்பிள் செய்து வாங்கப்போகிறவர்கள் இதைப் படித்துவிட்டுப் போங்கள். கடையின் பெயரை எழுதவில்லை.

இரண்டு மாங்கூழ் ஆலைகளுக்கும் ஒரு கிரானைட் வியாபாரிக்கும் கணக்கு எழுதுகிறேன். கடையில் நான் கேட்டது ஒன்றுதான்: நாள் முழுக்க ஓடினாலும் மக்கர் செய்யாத பெட்டி. ரைசன் 5 3600 என்ற ஏஎம்டி கம்பெனிச் சிப்பைப் (பிராசஸர்) போட்டுக் கொடுத்தார்கள். ஏதோ ஒரு சோதனையை ஓட்டிக்காட்டி, "வேகத்தைப் பாருங்கள் அண்ணா" என்றார் கடைக்காரர். நானும் தலையாட்டினேன்.

மே மாத வெயில் ஏறியதும் மதியத்தில் பெட்டி நின்றுபோய் நீலத்திரை விழ ஆரம்பித்தது. கரண்ட் சரியில்லை, யுபிஎஸ் வாங்குங்கள் என்றார், வாங்கினேன். விண்டோஸ் கெட்டுவிட்டது என்று 600 ரூபாய் வாங்கினார். மூன்றாம் முறை, வெயில் காலத்தில் எல்லாப் பெட்டியும் இப்படித்தான் என்றார். (என் பத்து வருடப் பழைய பெட்டி அதே அறையில் ஓடிக்கொண்டுதான் இருந்தது.)

ஜூன் 20, மே மாத ஜிஎஸ்டி கணக்கான ஜிஎஸ்டிஆர்-3பி தாக்கலுக்குக் கடைசி நாள். கணக்கு எழுதும் டேலி மென்பொருள் திறக்கவில்லை, தரவு பழுது. பென்டிரைவில் தினமும் எடுத்த நகல் இருக்கிறதே என்று போட்டால் அதுவும் பழுது. முந்தைய நாளுடையதும் அப்படியே. ஒன்பது நாள் நகல்களும் குப்பை, பத்தாவதுதான் திறந்தது. மே மாதக் கொள்முதல் பில்களை நான் ஏற்றியதே அந்த ஒன்பது நாளில்தான். உட்கார்ந்து மறுபடி ஏற்றினேன். மூவருக்கும் நாளுக்கு 50 ரூபாய் தாமதக் கட்டணம், வரி பாக்கிக்கு 18 சதவீத வட்டி, எல்லாம் என் கைக்காசு.

ஞாயிற்றுக்கிழமை ஓசூரிலிருந்து வந்த அக்கா மகன், பெட்டியின் அடிப்படை அமைப்புகள் இருக்கும் பயாஸைத் திறந்தான். "மாமா, இதை யார் இப்படி வைத்தது?" அந்தச் சிப்பின் அடிப்படை வேகம் 3.6 கிகாஹெர்ட்ஸ், வேலைக்கேற்ப அதுவே 4.2 வரை ஏறி இறங்கும். கடையில் ஆறு கோர்களையும் 4.3இல் பூட்டி, வோல்டேஜையும் ஏற்றியிருந்தார்கள். வேகம் 3200 என்று எழுதியிருந்த ரேமை (நினைவகத்தை) 3600க்கு இழுத்திருந்தார்கள். இத்தனைக்கும் சிப்போடு வந்த அதே சின்ன விசிறிதான். இரவு முழுக்க, ரேமில் பிழை தேடும் மெம்டெஸ்ட்86 ஓட்டினான். விடியும்போது திரை நிறையச் சிவப்பு வரிகள். எல்லாவற்றையும் இயல்புக்குத் திருப்பி மறுநாள் இரவும் ஓட்டினோம், ஒரு பிழை இல்லை. டேலியில் வேகம் குறைந்ததாக இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.

இப்படி நிர்ணயித்த வேகத்துக்கு மேல் ஓட்டுவதற்குப் பெயர் ஓவர்கிளாக். கேம் ஆடுகிறவர் தெரிந்தே அதைச் செய்தால் அது அவர் பாடு. பெட்டி நின்றால் உடனே தெரியும். ரேம் பிசகாக எழுதிய பைல் சத்தமில்லாமல் நகலிலும் போய் உட்கார்ந்ததுதான் என்னைக் கவிழ்த்தது. ஓவர்கிளாக்கினால் கெட்ட சிப்புக்கு ஏஎம்டி வாரண்டியும் கிடையாது. பயாஸ் இயல்பு நிலையில் இருக்கிறது என்று பில்லிலேயே எழுதி வாங்குங்கள். தரவை ஏற்றும் முன் ஓர் இரவு மெம்டெஸ்ட் ஓட்டுங்கள்.

கடையில் போய்க் கேட்டேன். "எல்லாரும் வேகம்தானே கேட்கிறார்கள் அண்ணா?" "நான் கேட்டேனா?" பதில் இல்லை. யுபிஎஸ் பணத்தையாவது கொடுங்கள் என்றேன். கரண்ட் போனால் உதவும், வைத்துக்கொள்ளுங்கள் என்றார்.