எவர்சில்வர் காப்பி ஃபில்டர்: டிகாக்‌ஷன் அருமை, திறப்பதுதான் பெரும்பாடு

புதுசாகத் தனிக்குடித்தனம் போகும் நண்பர் ஒருவர், உங்கள் வீட்டில் இருக்கும் அதே எவர்சில்வர் ஃபில்டரை வாங்கிவிடட்டுமா என்று கேட்டார். அதைப் பட்டறையில் கொடுத்து இப்போதுதான் சரிசெய்து வாங்கி வந்திருக்கிறேன், அந்தக் கோபம் இன்னும் அடங்கவில்லை.

இருந்தாலும் நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். துளைகள் நுணுக்கமாக, ஒரே சீராக இருக்கின்றன, தூளைக் கொஞ்சம் நைஸாக அரைத்துவிட்டாலும் வண்டல் இறங்குவதில்லை. எங்கள் வீட்டுக் கணக்கு பீபெரி, பிளான்டேஷன் ஏ என்ற இரண்டு காப்பிக்கொட்டை வகையும் பாதிக்குப் பாதி, மொத்தத்தில் 20 சதவீதம் சிக்கரி. தூளைப் போட்டு, அதை அமுக்கும் காம்பு வைத்த துளைத்தட்டான குடையை வைத்து லேசாக அமுக்கி, கொதித்து ஒரு நிமிஷம் அடங்கிய தண்ணீரைச் சுற்றிவர ஊற்றினால் இறங்கும் முதல் டிகாக்‌ஷன் இருக்கிறதே, பாலில் விட்டதும் அந்த நிறத்தைப் பார்த்தாலே போதும். கசப்பு நாக்கில் தங்காது, வாசனை மட்டும் தங்கும். பித்தளை மாதிரி உள்ளே ஈயம் பூசும் வேலையும் கிடையாது.

ஆனால் மேல் பாத்திரம் கீழ்ப் பாத்திரத்தில் போய் இறுகிக்கொள்கிறது. இந்த ஒன்றைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை. டிகாக்‌ஷன் சொட்டு சொட்டாக இறங்க இறங்க, கீழே இருக்கும் காற்று வெளியே போயாக வேண்டும். இதில் இரண்டும் அவ்வளவு நெருக்கமாகப் பொருந்துகின்றன, போதாததற்கு ஈரமும் சேர்ந்து இடுக்கை அடைத்துவிடுகிறது. காற்றுக்கு வழி இல்லாததால் சொட்டுவது பாதியில் நின்றுவிடும். தூள் அடைத்துக்கொண்டது, சிக்கரி அதிகம் என்று நாம் தூள் கடைக்காரரைத் திட்டிக்கொண்டிருப்போம். மேல் பாத்திரத்தை ஒரு நூல் அளவு தூக்கிப் பாருங்கள், உடனே சடசடவென்று இறங்கும். அப்புறம் ஆறினதும் உள்ளே இருக்கும் ஆவி சுருங்கி, மேல் பாத்திரத்தைக் கீழே இழுத்துப் பிடித்துக்கொள்ளும். காலையில் வீட்டில் எல்லோரும் டபராவோடு காத்திருக்க, பால் பொங்கிக்கொண்டிருக்க, ஃபில்டரைத் துணியில் சுற்றித் திருகிக்கொண்டிருப்பது என்ன பிழைப்பு? கீழ்ப் பாத்திரத்தை மட்டும் சுடுதண்ணீரில் கொஞ்ச நேரம் நிறுத்தினால் விட்டுக்கொடுக்கும். தட்டித் திறக்க மட்டும் பார்க்காதீர்கள், விளிம்பு ஒருமுறை நசுங்கினால் அந்த இடத்திலேயே ஆயுசுக்கும் சிக்கும்.

பட்டறைக்காரர் கையில் வாங்கிப் பார்த்ததுமே புரிந்துகொண்டார். கீழ்ப் பாத்திரத்தின் விளிம்பில், மேல் பாத்திரம் உட்காரும் ஆழம் வரைக்கும் அரத்தால் ஒரு சின்ன வெட்டுப் போட்டு, பிசிரைத் தேய்த்துக் கொடுத்தார். அவ்வளவுதான். இப்போது ஒரே சீராகச் சொட்டுகிறது, ஒற்றைக் கையால் தூக்கினால் வந்துவிடுகிறது. இந்த வெட்டைத் தயாரித்தவர்களே போட்டிருக்க முடியாதா? தினமும் ஒரே ஒருமுறை தங்கள் ஃபில்டரில் காப்பி போட்டுக் குடித்திருந்தால் தெரிந்திருக்குமே!

தூள் பாக்கெட்டில் காப்பி எத்தனை சதவீதம், சிக்கரி எத்தனை சதவீதம் என்று அச்சடித்தே ஆக வேண்டும், சிக்கரி 49 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்றும் சட்டம் இருக்கிறது. தூளுக்கு இத்தனை கண்டிப்பு, அதை வடிக்கிற பாத்திரம் இப்படிச் சிக்குகிறதே என்று கேட்பார் இல்லை.

இத்தனைக்கும் இப்போது எங்கள் வீட்டில் இதைவிட நல்ல டிகாக்‌ஷன் இறக்கும் பாத்திரம் வேறு கிடையாது. ஆனாலும் நண்பரிடம் வாங்காதீர்கள் என்றுதான் சொன்னேன். காசு கொடுத்து வாங்கிய பொருளை மறுபடி காசு கொடுத்து முடித்துக்கொள்ள வேண்டுமென்றால் எனக்கு ஒப்பவில்லை. எந்தக் கடைக்குப் போனாலும் மேல் பாத்திரத்தைக் கீழ்ப் பாத்திரத்தில் வைத்து விரலால் சுற்றிப் பாருங்கள். தடையில்லாமல் சுற்றி, லேசாக ஆடவும் செய்தால் எடுத்துக்கொள்ளலாம். கச்சிதமாகப் போய் உட்கார்ந்துகொண்டால் அப்படியே வைத்துவிட்டு வந்துவிடுங்கள், கடைக்காரர் அதைத்தான் பெருமையாகச் சொல்வார்.